மூடுறதா இருந்தா எங்க கடலக் குடுத்துட்டு மூடுங்க: ஃப்ளைட் சிமுலேட்டர் ஆளுங்களுக்கு ஒரு திறந்த மடல்

மைக்ரோசாஃப்ட்ல ஃப்ளைட் சிமுலேட்டர பாத்துக்கிற பெரிய அதிகாரிங்களுக்கும், பிரான்ஸ்ல போர்தோ ஊர்ல உக்காந்து அத செய்ற அசோபோ ஸ்டூடியோ ஆளுங்களுக்கும் வணக்கம்.

நான் ராமநாதபுரம் ஜில்லா உச்சிப்புளி பக்கத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். உச்சிப்புளின்னா உங்களுக்கு தெரிய வாய்ப்பில்ல, இங்க ஐஎன்எஸ் பருந்துன்னு கடற்படையோட விமானத் தளம் இருக்கு, ஹெலிகாப்டர் தலைக்கு மேல போயிட்டே இருக்கும், ஆனா உள்ள எட்டிப் பாக்க விட மாட்டாங்க. எங்களுக்கு விமானம் ஏறணும்னா மதுரைக்குத்தான் போகணும். 2025 பட்ஜெட்ல ராமேஸ்வரத்துல விமான நிலையம் வரும்னு அறிவிச்சாங்க, வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் எங்க பக்கத்து பயலுக விமானம் ஓட்டுறது உங்க சாஃப்ட்வேர்லதான், அதான் இந்த மடல்.

விஷயத்துக்கு வந்துர்றேன். 2025 ஜூலைல நீங்க ஏறக்குறைய 9,000 பேர வேலைய விட்டு அனுப்புனீங்க, வருஷக்கணக்கா செஞ்சுட்டிருந்த சில கேம்ஸயும் பாதில நிறுத்துனீங்க. அப்பருந்து கடைக்கு வர்ற பயலுக எல்லாம் ஒரே கேள்விதான், "அண்ணே, அடுத்து நம்மளுதா?". நீங்க சொல்லுவீங்க, அதெல்லாம் இல்ல நல்லாத்தான் ஓடுது, 2025 டிசம்பர்ல பிளேஸ்டேஷன் 5-க்கே கொண்டாந்துட்டோமேன்னு. சரிங்க, நம்புறேன். ஆனா 2009 ஜனவரிலயும் நல்லாத்தானே ஓடுச்சு? ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ், அதான் எஃப்எஸ்எக்ஸ், 2006-ல வந்து நல்லா வித்துக்கிட்டிருந்தப்பவே 5,000 பேர் ஆட்குறைப்புன்னு சொல்லி அத செஞ்ச ஏசஸ் ஸ்டூடியோவயே இழுத்து மூடுனீங்களே. புரூஸ் ஆர்ட்விக் எழுதுனத வாங்கி 1982-ல ஐபிஎம் பிசிக்கு முதல் வெர்ஷன் போட்டீங்க, விண்டோஸ் பொறக்குறதுக்கு முன்னாடியே பொறந்தது அது, உங்க வீட்டு மூத்த புள்ளைன்னு கூட சொல்லலாம், அதையே ஒரே நாள்ல அனுப்பிட்டீங்க. அதனால நீங்க "இல்ல"ன்னு சொன்னா மட்டும் எங்களுக்கு தூக்கம் வராது.

ஆனா கவனிங்க, 2009-ல நீங்க மூடுனதுக்கு நாங்க ஒண்ணும் செத்துப் போகல. அதான் நான் சொல்ல வர்றதே. எஃப்எஸ்எக்ஸ் 2 டிவிடில வந்துச்சு, போட்டா போட்டதுதான், உலகம் மொத்தமும் அந்த ஹார்ட் டிஸ்க்ல இருந்துச்சு. நீங்க கடைய மூடிட்டு போன பிறகு 2011-ல, சிமுலேட்டருக்கு விமானம் செஞ்சு விக்கிற பிஎம்டிஜி காரங்க அதுக்குன்னே போயிங் 737 ஒண்ணு செஞ்சு விட்டாங்க, சுவிட்ச் ஒவ்வொண்ணும் வேல செய்யும், அப்படி ஒரு விமானம் நீங்க இருந்தப்ப கூட வரல. உங்க புரோகிராம் கோட வாங்கிட்டுப் போயி, போர் விமானம் செய்ற லாக்ஹீட் மார்ட்டின் ப்ரீபேர்3டி-ன்னு ஒரு சிமுலேட்டர் செஞ்சாங்க. 2014 டிசம்பர்ல டவ்டெய்ல்னு ஒரு கேம் கம்பெனிக்காரங்க அதே பழைய எஃப்எஸ்எக்ஸ தூசி தட்டி ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடைல வித்தாங்க, அதுக்கும் ஆளு வாங்குச்சு. சிமுலேட்டர் ஓட்டுறவங்களுக்குன்னு இருக்கிற வாட்சிம்ங்கிற ஆன்லைன் நெட்வொர்க்ல 2001-ல இருந்து சம்பளமில்லாம விமானத்துக்கு வழி சொல்ற கன்ட்ரோலரா உக்காந்திருக்கிறவங்க அப்பவும் உக்காந்துதான் இருந்தாங்க. புது வெர்ஷன் வர்ற 2020 வரைக்கும் 11 வருஷம், சொந்தக்காரன் இல்லாமலே சீரிஸ் ஓடுச்சு.

நடுவுல 2012-ல நீங்களே மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட்னு ஒண்ணு கொண்டாந்தீங்க. வந்தப்ப ஹவாய் தீவு மட்டும்தான், வெளி ஆளுங்க எதுவும் செஞ்சு சேக்கக் கூடாதுன்னு கதவ சாத்திட்டீங்க. பிப்ரவரி கடைசில வந்தது ஜூலைல நின்னுபோச்சு. இன்னைக்கு அத யாராவது ஓட்டுறாங்களா? எஃப்எஸ்எக்ஸ இன்னைக்கும் ஓட்டுறாங்க, எங்கிட்டயே பழைய ரெண்டு கோர் மெஷின எடுத்துட்டு வந்து "அண்ணே இதுல எஃப்எஸ்எக்ஸ் மட்டும் ஓடுனா போதும்"னு நிக்கிற ஆளு இருக்காரு.

இப்ப 2020-க்கு வர்றேன். குறை சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிர்றேன், நீங்க செஞ்சது சாதாரண வேலை இல்ல. எஃப்எஸ்எக்ஸ்ல எங்க ஊருன்னா என்ன, இந்த வகை நிலம்னு ஒரு குறிப்பு, அதுக்கேத்த ஒரு பச்சைத் துண்ட ஒட்டி விட்டுருக்கும், பரமக்குடியும் பிரேசிலும் ஒண்ணுதான். 2020-ல முதல் தடவ மதுரைல செஸ்னா 172 எடுத்து வைகைய புடிச்சுக்கிட்டு கிழக்க போனோம், மானாமதுரை, பரமக்குடி, அப்பறம் ராமநாதபுரம் பெரிய கண்மாய், அங்க ஆறு முடியுது, அங்கருந்து ரயில் தண்டவாளத்த புடிச்சா உச்சிப்புளி, மண்டபம், பாம்பன். மேப்பே தேவையில்ல, கண்ணால பாத்தே வந்துட்டோம். கீழக்கரை சேக்காளி ஒருத்தன் தோஹால வேலை பாக்குறான், எனக்கு லாஜிடெக் ஜாய்ஸ்டிக் கொண்டாந்து குடுத்ததும் அவன்தான், அவன் அங்கருந்து ஆன்லைன்ல கூடவே இன்னொரு செஸ்னால வந்தான், கீழக்கரை மேல வந்ததும் "மச்சான் ஒரு நிமிஷம் இரு"ன்னு சொல்லிட்டு அவங்க தெருவுக்கு மேல சுத்திக்கிட்டே இருந்தான். நானும் ஒண்ணும் சொல்லல, சுத்தட்டும்னு விட்டுட்டேன்.

காத்தும் அப்படித்தான். மெட்டியோபுளூன்னு வானிலை கம்பெனியோட டேட்டாவ வச்சு லைவ் வெதர் குடுக்குறீங்கள்ல, ஆடி மாசம் கச்சான் காத்து அடிக்கிறப்ப அத போட்டுட்டு பாம்பன தாண்டிப் பாருங்க, மூக்க காத்துப் பக்கம் திருப்பி வச்சாத்தான் விமானம் நேரா போகும். நிசத்துல பாம்பன் பாலத்துல காத்து 58 கிலோமீட்டர் வேகத்த தாண்டுனா ரயிலயே விட மாட்டாங்க, அந்தக் காத்து ஸ்கிரீன்லயும் அடிக்குது. ஆஸ்திரேலியாவுல ரெண்டு மாடி வீட்ட 212 மாடியா கட்டி விட்டது எல்லாம் எங்களுக்கும் தெரியும், சிரிச்சோம், மன்னிச்சுட்டோம்.

எங்க பெரியப்பா ஒருத்தர் பாம்பன்ல கடலுக்குப் போனவரு, இப்ப வயசாகி கரையில இருக்காரு. ஒரு நாள் கடைக்கு வந்தவர் அரிச்சல்முனைக்கு மேல நான் போயிட்டிருக்கிறத பாத்துட்டு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. "டேய் தம்பி, கொஞ்சம் எறக்கு. இன்னும் எறக்குடா." எறக்குனேன். மணல் திட்டுகள ஒவ்வொண்ணா விரல வச்சு எண்ணிட்டே வந்தவரு மூணாவதுல நிறுத்தி, "இது பழைய படம்டா. இந்தத் திட்டு இப்ப இம்புட்டு நீளமில்ல, வாடைல மண்ணு அங்கிட்டு போயிருச்சு"ன்னாரு. சாட்டிலைட் படம் எந்த வருஷத்துதுன்னு கூட நமக்கு தெரியாது, அவரு மண்ணப் பாத்து சொல்றாரு. அப்பறம் கச்சத்தீவு பக்கம் போடான்னாரு. போனோம், அந்தோணியார் கோயில் பக்கமா ஒரு சுத்து சுத்துனோம், யாரும் மறிக்கல. டீய குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. இது நல்ல சாஃப்ட்வேரா இல்லையான்னு எங்கிட்ட கேக்காதீங்க, எனக்கு அன்னைக்கே முடிவாயிருச்சு.

பிரச்சனை என்னன்னா அந்த மூணாம் திட்டு எங்க கம்ப்யூட்டர்ல இல்ல. உங்க சர்வர்ல இருக்கு. 2 பெட்டாபைட்டுக்கு மேலன்னு நீங்களே சொன்னீங்க, அதாவது 20 லட்சம் ஜிபி, அத எவனும் வீட்டுல வச்சுக்க முடியாது, பறக்கப் பறக்க கொஞ்சம் கொஞ்சமா நெட்ல வருது, புரியுது. 2020-ல நெட்ட நிறுத்துனாலும் பறக்கலாம், ஆனா தரை பழையபடி ஒட்டுத்துண்டா மாறிரும். 2024 வெர்ஷன்ல இன்னும் ஒரு படி மேல போயி, இன்ஸ்டால சின்னதாக்கிட்டு விமானத்தயே சர்வர்ல இருந்து இறக்குற மாதிரி வச்சீங்க. 2024 நவம்பர் 19 வெளியீட்டன்னைக்கு சர்வர் திணறுனதும், 2 லட்சம் பேர் வர்ற மாதிரி சோதிச்சுதான் பாத்தோம்னு உங்க ஆளுங்க வீடியோல வந்து விளக்கம் சொன்னதும் ஊருக்கே தெரியும். முதல் நாள் கூட்டம், சரியாயிருச்சு, அத நான் நோண்ட வரல. என் கேள்வி கடைசி நாளப் பத்தி. சர்வர் ஒரு நாள் திணறுனதுக்கே அப்படின்னா, ஒரேயடியா நிறுத்துனா என்ன மிஞ்சும்? படக வித்துட்டு கடல மட்டும் வாடகைக்கு விட்ட கணக்கால்ல இருக்கு.

பயம் சும்மா இல்ல. தி க்ரூன்னு ஒரு கார் ரேஸ் கேம், காசு குடுத்து வாங்குனது, 2024 மார்ச் கடைசில யூபிசாஃப்ட் சர்வர நிறுத்துனாங்க, டிஸ்க்கு கைல இருந்தும் கேம் திறக்கல. அதுல ஆரம்பிச்ச சண்டைதான், வித்த கேம இப்படி சாகடிக்கக் கூடாதுன்னு ஐரோப்பாவுல மனுவாகி 10 லட்சம் கையெழுத்த தாண்டிப் போச்சு. நிறுவனங்களுக்கு குடுக்குற பிங் மேப்ஸ் சேவைய 2028-ல முடிச்சுக்கப் போறதா நீங்களே அறிவிச்சிருக்கீங்க. சிமுலேட்டருக்கு தரை வர்றது பிங் படத்துல இருந்துதானே, அப்ப 2028-க்கு அப்பறம் எங்க ராமநாதபுரம் எங்கருந்து வரும்? இதுக்கு நேரா ஒரு பதில் சொல்லுங்க, "உற்சாகமான எதிர்காலம்"னு ஆரம்பிக்காத பதிலா.

எங்க கடைக்கு வர்ற பாலிடெக்னிக் பய ஒருத்தன் புது பாம்பன் பாலத்த சிமுலேட்டர்ல வைக்கிறதுக்காக பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல கட்டிட்டிருக்கான். 2025 ஏப்ரல்ல திறந்தாங்கள்ல, 72.5 மீட்டர் நீளத்துக்கு நடுத் துண்டு அப்படியே செங்குத்தா மேல ஏறும், அது. பழைய பாலம் மாதிரி ரெண்டு பக்கமும் விரிஞ்சு தூக்குறதா இருந்தா சுளுவுண்ணே, இதுல ரெண்டு டவர்லயும் எடை ஒரே நேரத்துல எறங்கணும்னு மண்டைய உடைச்சுக்கிறான். போட்டோ எடுக்க ரோட்டுப் பாலத்துல போயி நின்னு, காத்துல செல்போன் கைய விட்டுப் போகப் பாத்து, வீட்டுல திட்டு வாங்குனான். காசுக்கு இல்ல, சும்மா குடுக்கப் போறான். வெளி ஆளுங்க செஞ்சு சேக்க நீங்க குடுக்குற எஸ்டிகே டூல்ஸ் இருக்கிறதாலதான் இதெல்லாம் நடக்குது, அதுக்கு நன்றி. ஆனா சர்வர் போயிட்டா அவன் பாலம் மட்டும் நிக்கும், கீழ பாம்பன் இருக்காது.

மெய்க்ஸ் ஃபீல்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிகாகோல, உங்க சிமுலேட்டர்ல வருஷக்கணக்கா எல்லாரும் முதல்ல கிளம்புன ரன்வே. 2003 மார்ச்ல ராத்திரியோட ராத்திரியா மேயர் புல்டோசர் விட்டு ரன்வேய கிழிச்சுட்டாரு. இன்னைக்கு அதுல எறங்கணும்னா பழைய சிடி இருந்தா போதும். எங்களுக்கும் தனுஷ்கோடின்னு ஒண்ணு இருந்துச்சு, 1964 டிசம்பர் புயல்ல போனது, அத எந்த சிடிலயும் யாரும் வச்சிருக்கல.

சரி, என்ன வேணும்னு கேட்டா சொல்றேன். மூடாதீங்கன்னு கெஞ்ச வரல, கம்பெனி உங்களுது, லாப நட்டம் உங்களுக்குத்தான் தெரியும். மூடுனா என்ன செய்வீங்கன்னு இப்பவே, நல்லா ஓடிட்டிருக்கிறப்பவே எழுதிக் குடுங்க. சர்வர நிறுத்த ஒரு வருஷம் முன்னாடி சொல்றோம், நிறுத்துறதுக்கு முன்னாடி சர்வர் இல்லாம ஓடுற மாதிரி ஒரு கடைசி பேட்ச் விடுறோம், சிமுலேட்டர் உள்ள இருக்கிற மார்க்கெட்பிளேஸ் கடைல காசு குடுத்து வாங்குன விமானத்த எல்லாம் அவங்கவங்க டிஸ்க்ல இறக்கிக்க விடுறோம், இவ்வளவுதான். 2020-ல மேனுவல் கேஷ்னு ஒரு வசதி வச்சீங்க பாருங்க, மேப்ல ஒரு இடத்த சுத்தி கோடு போட்டு இறக்கி வச்சுக்கலாம், அத ஒழுங்கா, பெருசா, எந்த வெர்ஷனா இருந்தாலும் குடுங்க. எங்களுக்கு நியூயார்க்கும் வேணாம் டோக்கியோவும் வேணாம், மதுரைல இருந்து தலைமன்னார் வரைக்கும் இருந்தா போதும், அதுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்க நாங்க வாங்கி வச்சுக்கிறோம்.

சாட்டிலைட் படம் நாங்களே அடுத்தவங்ககிட்ட வாங்குனது, தூக்கிக் குடுக்க உரிமை இல்லன்னு சொல்லுவீங்க. நியாயம்தான், அது நிசமான தடைதான். அப்ப படத்த விடுங்க, நில உயரம், கடற்கரைக் கோடு, ரன்வே, அதோட எங்க படத்த நாங்களே போட்டுக்கிற மாதிரி ஒரு வழி. எக்ஸ்-பிளேன்ங்கிற வேற சிமுலேட்டர்ல பயலுக ஆர்த்தோ4எக்ஸ்பின்னு ஒரு டூல வச்சு தரைய தாங்களே செஞ்சுக்கிறாங்களே, அந்தக் கதவு உங்க வீட்டுலயும் இருக்கட்டும். "அப்ப எக்ஸ்-பிளேனுக்கே போ, ஃப்ளைட்கியர்னு இன்னொரு சிமுலேட்டர் இலவசம்தான அங்க போ"ன்னு மட்டும் சொல்லிராதீங்க, ரெண்டும் என் மெஷின்ல இருக்கு, ரெண்டும் நல்லதுதான், ஆனா பெரியப்பா திட்ட எண்ணுனது உங்களுதுல.

இத தமிழ்ல எழுதிருக்கேன், மொழிபெயர்க்க உங்ககிட்ட ஆளு, மெஷின் ரெண்டும் இருக்கு. பதில் தனியா எனக்குப் போட வேணாம், எல்லாரும் பாக்குற மாதிரி, உங்க லைசென்ஸ் ஒப்பந்தத்துலயே ஒரு பத்தியா சேத்துருங்க, பாலம் கட்டுற பயகிட்ட நான் படிச்சுக் காட்டிக்கிறேன்.

இப்படிக்கு,
உச்சிப்புளில இருந்து ஒரு சர்வீஸ் கடைக்காரன்