அந்த வெள்ளை முயல் படத்தைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் விலங்குகளின் தகவமைவு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக இருந்தது, படம்தான் உறுத்தியது. வட அமெரிக்காவின் ஸ்னோஷூ முயல் ஒன்று, தூய வெள்ளையாக, சருகும் மண்ணுமாகக் கிடக்கும் தரையில் உட்கார்ந்திருக்கிறது. கீழே ‘சூழலுக்கேற்ப நிறம் மாறும் முயல்’ என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் பனியே இல்லையே! அது சூழலிடம் ஏமாந்து நிற்கும் முயல்.

கோடையில் பழுப்பாகவும் குளிர்காலத்தில் வெள்ளையாகவும் மாறும் அந்த முயல், பனி விழுந்ததா என்று பார்த்து ரோமத்தை மாற்றுவதில்லை. எப்போது மாற வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பகலின் நீளம்தான் தீர்மானிக்கிறது. பகல் குறுகுவதும் பனி விழுவதும் காலங்காலமாகச் சேர்ந்தே வந்ததால் அந்த ஏற்பாடு பலித்தது. இப்போது பனி தாமதமாக வருகிறது, சீக்கிரம் கரைகிறது. பகல் மட்டும் பழைய கணக்கிலேயே குறுகுகிறது. வேட்டையாடும் விலங்குக்கு வேலை மிச்சம்.

விலங்கியல் ஆசிரியராக இருந்தவன் நான். ‘தகவமைத்துக்கொள்கின்றன’ என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், அதனால் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லில் ஒட்டியிருக்கும் ‘கொள்’தான் வம்பு. விலங்கே யோசித்துத் தன்னைத் திருத்திக்கொண்டது போன்ற மயக்கத்தை அது தருகிறது. உண்மையில் என்ன நடக்கிறது என்பதற்கு பசிபிக் கடலில் உள்ள கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாப்னே மேஜர் என்ற தீவு நல்ல சாட்சி. உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் அந்தச் சின்னத் தீவின் குருவிகளுக்கு வளையமிட்டு, அலகை அளந்து வந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறிய, மென்மையான விதைகள் முதலில் தீர்ந்தன. மிஞ்சியது நெருஞ்சி இனத்துச் செடி ஒன்றின் முள்காய். நெருஞ்சியை மிதித்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு கெட்டி என்று. அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தர தரைக்குருவிகள் சுமார் 1,200 இருந்தவை 180 அளவுக்குச் சுருங்கின. பிழைத்தவற்றின் அலகு, வறட்சிக்கு முந்தைய சராசரியைவிட அரை மில்லிமீட்டர் அளவுக்கே தடிமன் கூடுதல். அலகின் பருமன் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது, ஆகவே அடுத்த தலைமுறையின் சராசரியும் ஏறியது. எந்தக் குருவியும் தன் அலகை வளர்த்துக்கொள்ளவில்லை. ஆயிரம் குருவிகள் செத்ததால் சராசரி நகர்ந்தது, அவ்வளவுதான்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் கட்டுரையாளர் சொல்வதுபோல் ‘மேலும் தகுதியான’ குருவிகள் கிடைத்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் 1982-83இல், பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடாகும் எல் நினோ வந்து மழை கொட்டித் தீர்த்தது. கொடிகள் படர்ந்து நெருஞ்சியை அமுக்கின, தீவெங்கும் பொடி விதைகள் பெருகின. அதற்குப் பின் வந்த வறண்ட காலத்தில் சிறிய அலகுக்காரக் குருவிகளுக்கே யோகம். எட்டு ஆண்டுக்குள் எது தகுதி என்பதே தலைகீழானது. முதல் வறட்சியில் சிறிய அலகு அடியோடு அழிந்திருந்தால் இரண்டாவது திருப்பத்துக்கு எதை வைத்துச் சமாளிப்பது?

கட்டுரை தொடாமல் விட்டது இதைத்தான். சூழல் ஒரே திசையில் மாறுவது வேறு, எந்தப் பக்கம் திரும்பும் என்றே தெரியாமல் ஆடுவது வேறு. ஆட்டம் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு: நூறு விலங்குகள் நல்ல ஆண்டில் 60 சதவீதம் பெருகி 160 ஆகின்றன. அடுத்து வரும் மோசமான ஆண்டில் அவற்றில் 60 சதவீதம் செத்து 64 ஆகின்றன. ஏற்றமும் இறக்கமும் சமம்தானே என்று சராசரி சொல்லும். இப்படியே பத்து ஆண்டு மாறி மாறிப் போனால் மிஞ்சுவது பதினொன்று.

இதனால்தான் நிச்சயமில்லாத இடங்களில், நல்ல ஆண்டில் அள்ளுவதைவிடக் கெட்ட ஆண்டில் முழுகாமல் இருப்பது பெரிது. மொசாம்பிக், ஜிம்பாப்வே பகுதிகளில் மழைக்குட்டைகளில் வாழும் கில்லி மீன் ஒன்று இரண்டே வாரத்தில் பருவமடைந்துவிடும். குட்டை வற்றினால் தாய்தகப்பன் எல்லாம் காலி, சேற்றுக்குள் முட்டைகள் மட்டும் உறங்கும். முதல் மழைக்கு எல்லா முட்டையும் பொரிவதில்லை. ஒரு பங்கு உறக்கத்திலேயே கிடக்கும். பெய்த மழை இரண்டு நாளில் வற்றிப் பொரிந்ததெல்லாம் கருகினாலும், மண்ணுக்குள் கைமுதல் இருக்கும். நல்ல மழையாக அமைந்தாலோ, உறங்கிய முட்டைகளுக்கு அந்த வாய்ப்பு நட்டம்தான். அந்த நட்டத்தையும் சேர்த்துத்தான் இந்த இனம் பிழைத்திருக்கிறது.

உங்கள் முயலுக்கும் கொஞ்சம் கைமுதல் உண்டு. பனி குறைந்த பசிபிக் கடலோரப் பகுதிகளில், குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கும் ஸ்னோஷூ முயல்கள் இருக்கின்றன. எப்போதோ வேறொரு முயல் இனத்தோடு கலந்ததில் வந்து சேர்ந்த மரபணு வடிவம் அது. பனி இல்லாத குளிர்காலங்கள் பெருகினால் அவற்றின் வாரிசுகள் பரவக்கூடும். அதற்கு, இடையில் உள்ள காடு துண்டாகாமல் இருக்க வேண்டும், முயல்களும் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

ஆகவே, ‘இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்ற கட்டுரையின் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் வாழும் பூமாக்கள் என்ற பெரிய காட்டுப்பூனைகள் இருபது முப்பது என்று குறுகியபோது என்ன ஆயிற்று? உறவுக்குள்ளேயே கூடிக்கூடி, வால் முனை மடங்கிய குட்டிகளும் இதயக் கோளாறுள்ள குட்டிகளும் பிறந்தன. இயற்கை தேர்ந்தெடுக்க அங்கே போதிய வேறுபாடு மிஞ்சவில்லை. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்கள் வந்த பிறகுதான் அந்தக் கூட்டம் மீளத் தொடங்கியது. அந்த எட்டும் தாமாக நடந்து வரவில்லை. மனிதர்கள்தாம் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்