ஆலய நிர்வாகத்தினருக்கு: அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

நடந்தது உங்களுக்கே தெரியும். ஆண்டுக்கூட்டத்தில் திருவிழாச் செலவுக்கு ரசீது கேட்டேன். மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் என் பெயர், பக்கத்திலேயே 'அவதூறு பரப்புபவர்'. தமிழ் தெரியாதவர்களும் விட்டுப்போகக் கூடாது என்றோ என்னவோ, கீழே மலாயில் 'ஃபித்னா'. அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே எங்களை வளர்த்தவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். போன வெள்ளிக்கிழமை பலகை முன்னால் நின்று என் பெயரைப் படித்துவிட்டார். அடுத்த சொல் பிடிபடவில்லை. பூ விற்கும் அக்காவிடம் கேட்டிருக்கிறார். "ஒன்னுமில்ல பெரிம்மா" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அர்ச்சனைத் தட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, "அதுக்கு என்னடா அர்த்தம்?" என்றார்.

சொன்னேன். 'அவ' என்றால் இழிவு. 'தூறு' என்றால் பழிச்சொல், தூற்றுதலுக்கு உறவு. களத்தில் நெல்லை முறத்தில் அள்ளிக் காற்றில் விடுவார்களே, அதே தூற்றுதல்தான். ஒருவர் குற்றத்தை ஊரெல்லாம் பறக்கவிடுவதற்கும் அந்தப் பெயர் வந்தது. வள்ளுவரும் புறங்கூறாமையில் 'துன்னியார் குற்றமும் தூற்றும் மரபினார்' என்கிறார், நெருங்கியவர் குற்றத்தையும் தூற்றுகிறவர்களை. இப்போது நெல் விளையும் செக்கிஞ்சான் வயலில்கூட இயந்திரம்தான் அறுத்துத் தூற்றுகிறது. நம் ஊரில் அந்த வேலையை வாட்ஸ்அப் புலனக்குழு பார்த்துக்கொள்கிறது!

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "தூத்துனா பதருதானே பறக்கும்? நெல்லுக்கு என்ன பயம்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா பாருங்கள்.

ஃபித்னா அரபியிலிருந்து மலாய்க்கு வந்த சொல். அதன் வேர் பொன்னையும் வெள்ளியையும் நெருப்பில் இட்டுச் சோதிப்பதைக் குறிக்கும். அந்தப் பொருளில் எழுதியிருந்தால் சரி, ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்டது சோதனைதான். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவைக் காட்டி மிரட்டினீர்கள். பொதுநலனுக்காகச் சொல்லும் உண்மை அவதூறு ஆகாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. நானோ எதையும் சொல்லக்கூட இல்லை, கேட்டேன். சந்தாவை மட்டும் கேட்காமலே வாங்கிக்கொள்ளத் தெரிகிறது.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ரசீதை நிதானமாகத் தேடுங்கள். பலகையில் இருப்பதை மட்டும் வரும் வெள்ளிக்குள் எடுத்துவிடுங்கள். அம்மா புதுத் தேங்காய் வாங்கி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ரசீது கேட்ட சந்தாதாரர்