இன்கா பாதையின் தராசும் நல்லதண்ணியின் மூட்டைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் கடந்த ஞாயிறு மலரில் பெரு நாட்டில் இன்காக்கள் என்னும் பண்டைய ஆட்சியாளர் கட்டிய மலைநகரான மச்சு பிச்சு பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். படங்கள் மிக நன்று. ஆயினும், அவ்விடத்துக்கு இன்கா பாதை எனப்படும் மலைப்பாதையில் நான்கு நாட்கள் நடந்தும் செல்லலாம் என்பதை ஒரே வரியில் சொல்லி முடித்த கட்டுரையாளர், அதற்கான அனுமதியைக் குஸ்கோ நகரில் இறங்கிய பின்னர் பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதியிருப்பது தவறானது. அதைவிடப் பெரிய குறை, அப்பாதையில் சுமை தூக்கி நடப்பவர்களைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு சொல்லேனும் இல்லாதது. சென்ற ஆண்டு ஜூன் மாதம் என் மகளோடு அந்தப் பாதையை நடந்து முடித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் அனுமதி பற்றிய விடயம். உருபம்பா ஆற்றோரமாகச் செல்லும் புகையிரதப் பாதையின் 82ஆவது கிலோமீற்றர்க் கல்லருகே தொடங்கும் இப்பாதை ஏறத்தாழ 43 கிலோமீற்றர் நீளமானது. நாளொன்றுக்கு 500 பேர் மட்டுமே அதில் நுழையலாம். இந்த 500 பேரில் வழிகாட்டிகளும் சமையற்காரர்களும் சுமை தூக்குவோரும் அடங்குவர். ஆகவே நடக்க வரும் பயணிகளுக்குக் கிடைப்பவை சுமார் 200 இடங்கள்தாம். மழை குறைந்த மே முதல் ஓகஸ்ட் வரையான காலத்துக்குரிய இடங்கள் பல மாதங்களுக்கு முன்னரே தீர்ந்துவிடுகின்றன. பெப்ரவரி மாதம் முழுவதும் பராமரிப்புக்காகப் பாதை மூடப்படுகிறது. உரிமம் பெற்ற வழிகாட்டி இன்றி எவரும் செல்ல முடியாது; ஒருவர் பெயரில் பெற்ற அனுமதியை இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது. இவற்றையெல்லாம் நான் பணத்தையும் ஓர் ஆண்டையும் இழந்தே கற்றுக்கொண்டேன். கொழும்பிலுள்ள பயண முகவர் ஒருவர், "அங்கே போனால் எல்லாம் சரிவரும்" என்று சொல்லி முற்பணத்தை வாங்கிக்கொண்டார். மூன்று மாதங்கள் கழித்து, அந்தப் பருவத்தில் ஓர் இடமேனும் இல்லை என்று கையை விரித்தார். அடுத்த ஆண்டுக்கு நாங்களே ஏழு மாதங்களுக்கு முன்னர் பதிவு செய்தோம்.

செல்ல விரும்பும் தமிழ் வாசகர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அனுமதிச் சீட்டிலுள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளவாறே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். என் கடவுச்சீட்டில் தகப்பனாரின் பெயர் முழுமையாக இருந்தது. அனுமதிச் சீட்டிலோ அது ஒற்றை முதலெழுத்தாகச் சுருங்கியிருந்தது. சோதனைச் சாவடி அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரலை ஓட்டிக்கொண்டு போய், அந்த முதலெழுத்தில் நிறுத்தினார். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாத மக்களும் உலகில் உண்டு என்பதை எங்கள் வழிகாட்டி அவருக்கு ஸ்பானிய மொழியில் விளங்கப்படுத்தி முடிக்க அரைமணி நேரமாயிற்று. என்னுடைய தகப்பனார் உயிரோடிருந்தால் பெரிதும் மகிழ்ந்திருப்பார்.

அந்த அரைமணி நேரத்தில்தான் தராசைக் கண்டேன். எங்கள் குழுவின் கூடாரங்கள், எரிவாயுக் கொள்கலன், பாத்திரங்கள், நான்கு நாட்களுக்குரிய அரிசி, மரக்கறி, முட்டை ஆகிய அனைத்தையும் முதுகில் சுமக்கவிருந்தவர்கள், அண்டைய மலைக் கிராமங்களைச் சேர்ந்த கெச்சுவா மொழி பேசும் விவசாயிகள். கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை தூக்குவோரை நாட்டாமைமார் என்று நாம் அழைக்கிறோமே, அவர்களைப் போன்றவர்களே. அவர்கள் வரிசையில் நின்று தத்தம் மூட்டையை ஒருவர்பின் ஒருவராகத் தராசில் வைத்தார்கள். அரச அதிகாரி எடையைப் படித்துப் பதிந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரின் மூட்டை எல்லையைவிட ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. அதிகாரி தலையை அசைத்தார். மூட்டையின் கயிறு அவிழ்க்கப்பட்டது. வெங்காயப் பையொன்றும் தகரப் பேணிகள் இரண்டும் வெளியே வந்தன. மூட்டை மீண்டும் தராசில் ஏறியது. வெங்காயத்தைத் தலைமைச் சமையற்காரர் தம் பையில் வாங்கிக்கொண்டார். மூட்டைக்காரர் எவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, எவரும் அவரை ஏசவுமில்லை.

இந்தக் காட்சி என்னை ஏன் அவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளரின் வரிசை வீடான லயன் அறையில் பிறந்தவள். என் அம்மா முப்பத்தோராண்டுகள் கொழுந்து பறித்தார். மாலையில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் முன்னால், நனைந்த படங்கோடு, கூடையை இறக்கி வைத்து நிறுவைக்குக் காத்திருக்கும் அந்த வரிசையில் சிறுமியாக நானும் அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "கூடைக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒன்னு" என்று கணக்கப்பிள்ளை சொல்லிக்கொண்டே எழுதுவார். கழித்த கிலோக்கள் எங்கே போயின என்று கேட்டவர்களுக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி மட்டுமே, விழுந்தது. எங்கள் வீட்டில் தராசு என்பது அச்சத்துக்குரிய பொருளாகவே இருந்தது. சுமக்கின்றவனின் பக்கம் நின்று அவனுடைய முதுகுக்காகப் பேசும் ஒரு தராசை ஐம்பத்தெட்டு வயதில், அதுவும் உலகின் மறுகோடியில், முதன்முறையாகக் கண்டேன்.

அந்தத் தராசு அங்கே தானாக முளைத்ததன்று. சுமை தூக்குவோர் நாற்பது கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தோடு அந்தக் கணவாய்களைக் கடந்த காலம் இருந்தது. 2001ஆம் ஆண்டில்தான் பெரு நாடு அவர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றி, ஒருவர் சுமக்கத்தக்க பாரத்தை 20 கிலோ என்று வரையறுத்தது.  குறைந்தபட்சக் கூலியும் காப்புறுதியும் அச்சட்டத்தில் இடம்பெற்றன. எழுத்தில் உள்ளது போல நடைமுறை இல்லை என்பதும், சாவடியைக் கடந்தபின் சுமையை மாற்றிக் கட்டும் தந்திரங்கள் உண்டு என்பதும் சுமை தூக்குவோரின் நெடுநாள் முறைப்பாடுகள். அங்கே எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை.

நடையின் கடுமையை நம் நாட்டு அளவுகளால் சொன்னால் எளிதில் விளங்கும். நமது மிக உயர்ந்த சிகரமான பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். விமானத்தில் வந்து இறங்கும் குஸ்கோ நகரமே சுமார் 3,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பின் கடல்மட்டத்துக்குப் பழகிய நுரையீரல் அங்கே விடுதியின் முதலாம் மாடிக்கு ஏறும்போதே திணறும். ஆகவே நடை தொடங்குமுன் இரண்டு மூன்று நாட்களாவது அங்கே தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்வது அவசியம். இரண்டாம் நாள் ஏறும் வார்மிவன்யுஸ்கா என்னும் கணவாய் 4,215 மீற்றர் உயரமானது. கெச்சுவா மொழியில் அதற்கு இறந்த பெண் என்று பொருள். தொலைவிலிருந்து பார்த்தால் மல்லாந்து படுத்த பெண்ணின் உருவம் தெரியும் என்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. என் கண் அடுத்த படியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் இருபது அடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கிய அதே படிகளில், தேய்ந்த செருப்பணிந்த கால்களோடு சுமை தூக்குவோர் எங்களைக் கடந்து ஓடினார்கள். நாங்கள் முகாமை அடைந்தபோது கூடாரங்கள் எழும்பியிருந்தன, தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான்கு நாட்களின் முடிவில் வரும் மச்சு பிச்சுவோ 2,430 மீற்றர்தான். பீதுருதாலகாலையைவிடத் தாழ்வானது!

மூன்றாம் நாள் பாதையைப் பற்றித் தனியே எழுத இடம் போதாது. முகில் மூடிய காட்டினூடே, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலான கற்படிகள் பலவிடங்களில் இன்னும் பதிந்தவாறே கிடக்கின்றன. சாயக்மார்க்கா, புயுபத்தமார்க்கா, வின்யாய் வாய்னா என்று இடிபாடுகள் ஒவ்வொரு மலைத்தோளிலும் எதிர்ப்படுகின்றன. சில்லு வண்டியைப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தாத, இரும்பை அறியாத இன்காக்கள், ஏறத்தாழ 30,000 கிலோமீற்றர் நீளமான சாலை வலையமைப்பை மனித முதுகையும் இலாமா என்னும் விலங்கின் முதுகையும் நம்பியே இயக்கினார்கள். 2014ஆம் ஆண்டில் ஆறு நாடுகள் சேர்ந்து அதனை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெறச் செய்தன. 1911ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க ஆய்வாளர் ஹிராம் பிங்கம் மச்சு பிச்சுவைக் "கண்டுபிடித்தார்" என்று தங்கள் கட்டுரையாளர் எழுதுகிறார். அன்று அங்கே விவசாயக் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. இடிபாடுகளினூடே அவரைக் கூட்டிச் சென்றவன் அக்குடும்பங்களைச் சேர்ந்த சிறுவன் ஒருவன்.

நான்காம் நாள் அதிகாலை மூன்றரை மணிக்கு எங்களை எழுப்பினார்கள். சூரிய வாயில் எனப்படும் இன்டி புங்குவில் விடியலைக் காண்பதற்காகவே இந்த அவசரம் என்று நினைத்திருந்தேன். கூடாரங்களைச் சுருட்டி, மூட்டை கட்டி, சரிவில் இறங்கிப் போய்ச் சுமை தூக்குவோர் தமக்குரிய காலைப் புகையிரதத்தைப் பிடிக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம் என்று வழிகாட்டி சொன்னபோதுதான் தெரிந்தது. மூன்று நாட்கள் எங்களைச் சுமந்தவர்கள் மச்சு பிச்சுவுக்கு எங்களோடு வருவதில்லை. முந்திய இரவே கைகுலுக்கி, அன்பளிப்புப் பணத்தைக் கொடுத்து விடைபெற்றிருந்தோம்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். அந்த நடைக்குப் பயிற்சியாக நானும் மகளும் சிவனொளிபாத மலைக்கு ஒரே பருவகாலத்தில் மூன்று முறை ஏறினோம். மலையடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து 2,243 மீற்றர் உயரச் சிகரம் வரையில் வழிநெடுகத் தேநீர்க்கடைகள். அங்கே விற்கும் சோடாப் போத்தலும் மாவும் சீனியும் எரிவாயுச் சிலிண்டரும் மனிதர்களின் தோளில்தான் மேலே போகின்றன. இரண்டாம் முறை ஏறியபோது, நெற்றிப் பட்டையில் சிலிண்டரைக் கட்டிச் சுமந்தபடி, கைப்பிடிக் கம்பியைப் பற்றி நின்ற ஒரு தோட்டத்துப் பையனைக் கண்டேன். இருபது வயதும் இராது. எவ்வளவு பாரம் தம்பி என்று கேட்டதற்கு, "நிறுத்துப் பார்த்ததில்ல டீச்சர்" என்றான். என்னை அவனுக்கு முன்பின் தெரியாது. என் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இந்துக்களின் அரோகராவும் பௌத்தர்களின் சாது முழக்கமும் மாறிமாறி ஒலிக்க, பக்தர்கள் அவனைச் சுற்றி விலகி ஏறிக்கொண்டிருந்தார்கள். நானும் ஏறினேன்.

டிசம்பர் மாத உந்துவப் பௌர்ணமியோடு மலைப் பருவகாலம் தொடங்கு முன்னர், படிகள் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு தராசை வைத்து, ஒருவர் தூக்கிச் செல்லத்தக்க பாரத்துக்கு எல்லை வகுத்து, தூக்குவோரின் பெயரைப் பதிந்து, அவர்களுக்கு விபத்துக் காப்புறுதி செய்வது நமது பிரதேச சபையாலும் மாவட்டச் செயலகத்தாலும் முடியாத காரியமன்று. கண்டியில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பெக்கோ நடைபாதை 22 பகுதிகளாகத் தேயிலைத் தோட்டங்களினூடே வெளிநாட்டுப் பயணிகளை இப்போது அழைத்துச் செல்கிறது. அங்கும் நாளை பைகளைச் சுமக்கப் போகிறவர்கள் லயன்களில் வாழ்பவர்களே. அங்கே விதிகளை எழுத இன்னும் காலம் கடந்துவிடவில்லை. கூலி கெட்டுவிடும், இரண்டு நடை போக வேண்டிவரும் என்று சுமப்பவர்களே எதிர்க்கக்கூடும் என்பதை அறிவேன். எடை குறையும் அளவுக்குக் கூலியும் குறையாதபடி விதி எழுதப்பட வேண்டும். இல்லாவிடில் அது அவர்கள் வயிற்றில்தான் அடிக்கும்.

தராசு வைப்பார்களானால் ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. அதனருகே நின்று எடையைப் படித்து எழுதுகின்றவர் கடை முதலாளியின் ஆளாக இருக்கக் கூடாது. எழுதிய எடையைச் சுமப்பவருக்கு உரத்து வாசித்துக் காட்டி, அவர் கையிலும் ஒரு துண்டு கொடுக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.