எத்தனை பேர் என்பதோடு, யார் என்றும் சொல்லுங்கள்

பெருந்தொற்றுக் காலத்தில் இறப்புக் கணக்கை வெளியிடும் சுகாதாரத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். பல வருடங்களாக இறப்புப் பதிவுகளைத் தொகுக்கும் வேலையில் இருப்பவள் நான். கொரோனா காலத்தில் தினமும் ஓர் எண் வரும். இன்று இத்தனை பேர், மொத்தம் இத்தனை பேர். என்ன வயது, ஆணா பெண்ணா என்பது பல இடங்களில் வரவே இல்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

தடுப்பூசிக்கு முந்தைய காலத்தில், வசதியான நாடுகளின் தரவுகளை வைத்துப் போட்ட கணக்கு இது: தொற்றியவர்களில் 25 வயதில் பத்தாயிரத்துக்கு ஒருவர் இறந்தார். 55 வயதில் ஆயிரத்துக்கு நான்கு பேர். 85 வயதில் நூற்றுக்கு 15 பேர். ஆயிரம் மடங்குக்கும் மேலான இந்த வித்தியாசம் ஒரே சராசரிக்குள் போனால் காணாமல் போய்விடுகிறது. 2020 மார்ச் தொடக்கத்துத் தரவில், உறுதியான நோயாளிகளில் இறந்தவர்களின் மொத்த விகிதம் சீனாவைவிட இத்தாலியில் அதிகமாகத் தெரிந்தது. வயதுவாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு வயதிலும் சீனாவில்தான் அதிகம். இத்தாலியில் அப்போது உறுதியான நோயாளிகளில் முதியவர்கள் மிகுதி, அவ்வளவுதான்.

சரி, முதியவர்களுக்குத்தான் ஆபத்து என்று எழுதிவைத்துவிட்டால் போதுமா? போதாது. 1918 இன்ஃப்ளுயன்ஸாவில் 20 முதல் 40 வயதுக்காரர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 2009 பன்றிக் காய்ச்சலில் உலகம் முழுவதும் இறந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் 65 வயதுக்குக் கீழே என்று மதிப்பிட்டார்கள். அதே போன்ற வைரஸை இளமையிலேயே சந்தித்திருந்த முதியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பு இருந்தது. அடுத்தது எந்த வயதைத் தேடி வரும் என்பது உங்கள் பட்டியலில்தான் முதலில் தெரியும்.

ஆண், பெண் கணக்கு இன்னும் சிக்கலானது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் வழக்கத்துக்கு மேல் 1.49 கோடிப் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் 57 சதவீதம் ஆண்கள். நோய் எதிர்ப்பு இயங்கும் விதம், புகைப்பழக்கம், ஏற்கெனவே இருந்த இதய நோய் எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. ஆனால் 1918-ல் இந்தியாவில் இளவயதுப் பெண்கள் ஆண்களைவிட அதிகமாக இறந்தார்கள். அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. அப்படியானால் உடம்பு மட்டும் காரணமில்லை. யார் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள், யாருக்குச் சாப்பாடு குறைந்தது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. பிரித்துப் பார்க்காவிட்டால் இந்தக் கேள்வி எழவே எழாது.

என் மேசைக்கு வரும் படிவங்களில் வயதுக் கட்டத்தைப் பார்த்தால் 60, 65, 70 என்று குவிந்து கிடக்கும். 61, 63, 67 அபூர்வம். துக்கத்தில் இருக்கும் குடும்பம் தோராயமாகச் சொன்ன வயது அது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வயது தெரியாத இடத்தில் 0 போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் ஒரு பாட்டியின் மரணம் கைக்குழந்தைகள் வரிசையில் போய்ச் சேர்கிறது. அப்படி வந்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தியிருக்கிறேன்.

லண்டனின் பழைய வாராந்திர இறப்புப் பட்டியல்களில் ஆண், பெண் பிரிவு 1629-லேயே வந்துவிட்டது. வயது சேர 1728 ஆயிற்று. கையால் எழுதிக் கூட்டிய காலம் அது. கணினி இருக்கும் நமக்கு ஒரு வாரம்கூடத் தாமதமாகக் கூடாது.

எனவே, '60-க்கு மேல்' என்று ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள். 61-ம் 89-ம் ஒன்றல்ல. ஐந்தைந்து வயதாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆண், பெண் இறப்பைத் தனித்தனியாகத் தாருங்கள். அந்த வயதில் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் வாழ்கிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். 85-க்கு மேல் பெண்களே அதிகம் இருப்பதால், வெறும் எண்ணிக்கை ஏமாற்றிவிடும். வயது தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுத ஒரு கட்டம் வையுங்கள். பெயரும் முகவரியும் யாருக்கும் வேண்டாம்.

இப்படிக்கு,
இறப்புப் பதிவுகளைத் தொகுக்கும் ஒருத்தி