நாணயம் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

கடும் மழையால் ஆடி மாதக் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. மற்றவை ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது, போர்க்காலச் சில்லறைத் தட்டுப்பாட்டில் வியாபாரிகள் காசுக்குப் பதிலாகத் தாங்களே அடித்து விட்ட டோக்கன் என்னும் வில்லைகளைப் பற்றி. ஓர் அங்கத்தவரின் மகள் கொண்டுவந்த 1863ஆம் ஆண்டு அமெரிக்கச் செம்பு டோக்கனில்தான் பேச்சு தொடங்கியது. உள்நாட்டுப் போர் மூண்டதும் அங்கே சனங்கள் நாணயத்தைப் பதுக்கிவிட்டார்கள். மிச்சக் காசு கொடுக்க வழியில்லாமல் கடைக்காரர்கள் சொந்தப் பெயரில் ஒரு சத டோக்கன் அடித்தார்கள். நியூயோர்க்கில் லிண்டன்மியூலர் என்பவர் மட்டும் பத்து லட்சம் வரை விட்டார். குதிரை டிராம் கம்பெனி அவற்றைச் சேர்த்துக் கொண்டுபோய் நீட்டியபோது காசு தர மறுத்துவிட்டாராம். 1864இல் சட்டம் வந்து தனியார் காசு நின்றது.

அப்புறம் நம் நாடு, இலங்கை. 1942இல் இங்கே அரசாங்கமே ஐந்து சத நோட்டு அடித்தது. நடுவில் துளைக்கோடு. கிழித்தால் ஒரு துண்டு 2 சதம், மற்றது 3 சதம். கிழிக்கவென்றே அடித்த அந்தத் தாளை முழுசாகக் கையில் வாங்கிப் பார்த்தபோது கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மார்கழிக் கூட்டத்துக்கு ஓர் அங்கத்தவர் தன் அம்மாயியின் சுருக்குப்பையில் இருந்த வட்டத் தகட்டைத் தோட்டத்து டோக்கன் என்று கொண்டுவந்தார். மேலே ஒரு துளை, தோட்டத்தின் அடையாளம், ஓர் இலக்கம். அது காசு அல்ல. இந்தியாவிலிருந்து தோட்டத்து வேலைக்கு ஆள்கட்டி அனுப்பும்போது கூலிக்காரர் கழுத்தில் கட்டிவிட்ட தகரம். இலங்கைக்கு வருவோரைத் தங்கவைத்த தமிழ்நாட்டு மண்டபம் முகாம் கடந்து வந்தவரின் கழுத்தில் தொங்கியது. விலை கேட்டு வந்தவருக்குக் கொடுக்க மாட்டேன் என்று அந்த அங்கத்தவர் சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரு வருத்தம். தேயிலைக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்து டோக்கன் ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்கக் கொண்டுவந்தார்கள். எழுத்து பாதி போய்விட்டது. தயவுசெய்து யாரும் தேய்க்க வேண்டாம். அழுக்கோடு கொண்டுவாருங்கள்.

வரும் ஆண்டிலிருந்து ஒவ்வொரு காசோடும் அது எந்தத் தோட்டம், எந்த லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை), யார் கையிலிருந்து வந்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைப்பதெனத் தீர்மானித்திருக்கிறோம். வயதானவர்களிடம் கேட்பதைத் தை மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

செயலாளர்