நெகட்டிவ்னா என்ன அர்த்தம்னு நாங்க முன்னாடியே சத்தமா சொல்லியிருக்கணும்

வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

இந்த மடலை போன வாரமே எழுதி அனுப்பியிருக்கணும், கோவம் கொஞ்சம் தணியட்டும்னுதான் நிறுத்தி வெச்சேன். இப்பவும் முழுசா தணியலதான், ஆனா தினமும் நாலு பேராவது போன் பண்ணி "அந்த போட்டோ உண்மையா"னு கேக்குறீங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதவிட எல்லாருக்கும் ஒரே தடவை எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

எந்த போட்டோன்னு உங்கள்ல முக்காவாசிப் பேருக்குத் தெரியும். காஸ்மெடிக்ஸ்ல போடற பொருள் தோல் அலர்ஜியக் கிளப்புமான்னு டெஸ்ட் பண்ணி நாங்க குடுக்கற ரிப்போர்ட்டோட முதல் பக்கம், "முடிவு: நெகட்டிவ்"ங்கற வரிக்கு சிவப்பு வட்டம், பக்கத்துலயே கன்னம் தடிச்சுப்போன ஒரு முகம், கீழ "காசு குடுத்தா நெகட்டிவ் போட்டுத் தர்ற லேப்"னு ஒரு வரி. போட்டவங்க பேரை நான் சொல்லமாட்டேன். எங்ககிட்ட சாம்பிள் குடுத்தவங்க யாரா இருந்தாலும் அவங்க விவரத்தை வெளிய சொல்றதில்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம், இவங்க விஷயத்துலயும் அவங்களே வெளிய போட்டுட்ட விவரத்தை மட்டும்தான் பேசுறேன். அந்த முகத்துக்கு என்ன ஆச்சோ அதுக்கு நிஜமாவே வருத்தப்படுறேன், அந்தப் பொண்ணுக்கு சீக்கிரம் சரியாகணும்.

ஆனா "காசு குடுத்தா"ங்கற அந்த வார்த்தைய மட்டும் என்னால விழுங்க முடியல.

நடந்தது இதுதான். போட்டோ போட்டவங்க தங்களோட க்ரீம்ல போடப்போற ஒரு பிரிசர்வேட்டிவ, அதாவது க்ரீம் கெட்டுப்போகாம இருக்கப் போடற பொருளை, எங்ககிட்ட அனுப்பினாங்க. க்ரீம அனுப்பல, பிரிசர்வேட்டிவ் மட்டும். முதல்ல டிபிஆர்ஏங்கற டெஸ்ட்ட ஓட்டினோம். ஒரு பொருள் அலர்ஜியக் கிளப்பணும்னா முதல்ல அது தோலுக்குள்ள போய் அங்க இருக்கற புரோட்டீனோட ஒட்டிக்கணும், ஒட்டினாதான் உடம்பு அதை வெளியாளா பாக்கும். அதனால சிஸ்டீன் இருக்கற ஒரு பெப்டைடு (புரோட்டீனோட சின்னத் துண்டு மாதிரி), லைசின் இருக்கற ஒரு பெப்டைடு, ரெண்டோடயும் தனித்தனியா அந்தப் பொருளைக் கலந்து 24 மணி நேரம் வெச்சு, எவ்வளவு பெப்டைடு காணாமப் போயிருக்குன்னு ஹெச்பிஎல்சிங்கற, கலவையப் பிரிச்சு அளக்கற மெஷின்ல அளக்கறோம். ரெண்டோட சராசரி 6.38 சதவீதத்தைத் தாண்டினா பாசிட்டிவ். இவங்களோடது தாண்டல, கோட்டுக்குப் பக்கத்துல கூட வரல. அடுத்தது கெரட்டினோசென்ஸ், தோலோட மேல்பகுதி செல் மேல பொருளைப் போட்டு 48 மணி நேரம் கழிச்சு அந்த செல் பதறுதான்னு பாக்குறது, பதறினா அந்த செல்லுல வெச்சிருக்கற லூசிஃபெரேஸ்ங்கற பொருளோட வெளிச்சம் ஒன்றரை மடங்கா கூடும். அதுவும் கூடல. 2021-ல ஓஈசிடிங்கற பல நாட்டுக் கூட்டமைப்பு கொண்டு வந்த 497-ஆம் வழிகாட்டுதல்படி மூணு டெஸ்ட்ல ரெண்டு ஒரே பதிலைச் சொன்னா அதான் முடிவு, மூணாவதான ஹெச்-கிளாட்ட, அதாவது உடம்பைக் காக்கற வகை செல்ல வெச்சுப் பண்ற டெஸ்ட்ட, ஓட்ட வேண்டியதே இல்ல. மூணுலயே செலவு அதிகமான டெஸ்ட் அது. ஓட்டியிருந்தா எங்களுக்குத்தான் கட்டணம் கூட வந்திருக்கும், தேவையில்லைன்னு நாங்களேதான் சொல்லி நிறுத்தினோம். காசுக்காகப் பண்றவங்க இப்படிப் பண்ணுவாங்களா, நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்புறம் அவங்க அந்த க்ரீம்ல எலுமிச்சை வாசனை வர்ற ஒரு எண்ணெய் சேர்த்திருக்காங்க, அவங்க போட்ட லேபிள் போட்டோலயே அந்த எண்ணெய்ல வர்ற லிமோனீனோட பேர் இருக்கு. அந்த எண்ணெய் எங்க லேப் வாசப்படியக் கூட மிதிக்கல. லிமோனீன் புதுசா இருக்கும்போது பெரிய தொல்லை குடுக்காது. பாட்டில திறந்து காத்துப் பட்டு ஆக்ஸிஜனோட சேர்ந்தா ஹைட்ரோபெராக்சைடா மாறும், அதுதான் அலர்ஜியக் கிளப்புறது. லாவெண்டர்ல வர்ற லினலூலுக்கும் இதே கதைதான், டீ ட்ரீ எண்ணெயும் பழசாக ஆக மோசமாகும். இயற்கையானது, அதனால டெஸ்ட் வேண்டாம்னு சொல்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. ஐரோப்பாவுல வாசனைப் பொருள்ல 26 அலர்ஜிப் பொருள்களை லேபிள்ல பேர் சொல்லி எழுதணும்னு வெச்சாங்க, பூசி அப்படியே விடறதுல 10 பிபிஎம் (பத்து லட்சத்துல 10 பங்கு) தாண்டினாலே, கழுவிவிடறதுல 100 பிபிஎம் தாண்டினாலே. 2023-ல அந்தப் பட்டியல் 80-க்கு மேல போயிடுச்சு. அந்த 26-லயே லிமோனீனும் லினலூலும் இருந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லணும், நான் டாக்டர் இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பதிவுல "போட்ட அஞ்சே நிமிஷத்துல எரிஞ்சுது"னு எழுதியிருக்காங்க. நாங்க டெஸ்ட் பண்ற அலர்ஜி அஞ்சு நிமிஷத்துல வர்ற வகை இல்ல. முதல் தடவை பட்டு உடம்பு அதை ஞாபகம் வெச்சுக்கிட்ட பிறகு, மறுபடி படும்போது ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு மெதுவா அரிச்சு தடிக்கிறது. உடனே எரியறது பெரும்பாலும் எரிச்சல்தான், அதுக்கு டெஸ்டே வேற. எதுன்னு உறுதியா தெரியணும்னா தோல் டாக்டர்கிட்ட முதுகுல பேட்ச், அதாவது சந்தேகப்படற பொருளை வெச்ச ஒட்டு, போட்டு 48 மணி நேரம் வெச்சு, எடுத்தவுடனே ஒரு தடவையும் ரெண்டு மூணு நாள் கழிச்சு இன்னொரு தடவையும் பாத்தாதான் தெரியும். 1890-கள்ல ஜடாசோன்ங்கற டாக்டர் கொண்டு வந்த முறை, இன்னிக்கும் அதுக்கு மாத்து இல்ல. அந்தப் பொண்ணு அதைப் பண்ணிக்கணும்னு மனசார சொல்றேன். வந்தது எரிச்சல்தானா, இல்ல எலுமிச்சை எண்ணெயா, இல்ல நாங்க டெஸ்ட் பண்ணின பிரிசர்வேட்டிவேதானான்னு அதுலதான் தெரியும், பிரிசர்வேட்டிவ்தான்னு வந்தா அது எங்களுக்கும் தெரிஞ்சாகணும்.

சரி, எங்க பக்கத் தப்பு. இருக்கு. ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல நெகட்டிவ்னு போட்டுட்டு, "இது அனுப்பின பொருளுக்கு மட்டும், தயாரான சரக்குக்குப் பொருந்தாது, எவ்வளவு போட்டா பாதுகாப்புன்னு இது சொல்லாது"ங்கறத மூணாம் பக்கத்துல சின்ன எழுத்துல வெச்சிருந்தோம். எங்களுக்கு அது பழக்கமான விஷயம், படிக்கறவங்களுக்கும் தெரியும்னு நெனச்சுட்டோம், அப்படி நெனச்சிருக்கக் கூடாது. இந்த மாசத்துல இருந்து அந்த வரி முதல் பக்கத்துலயே, முடிவுக்கு மேலயே, அதே அளவு எழுத்துல வரும். எண்ணெய்ல மட்டும் நல்லா கரையுற சில பொருளுக்கு ஹெச்-கிளாட்ல நெகட்டிவ் வந்தா அதை நெகட்டிவ்னு எடுத்துக்கவே கூடாது, முடிவு சொல்ல முடியாதுன்னுதான் எழுதணும், அதுவும் இனிமே முதல் பக்கத்துலயே இருக்கும்.

லேபிள் விஷயம் ஒண்ணு பாக்கி இருக்கு. "லேப்ல நிரூபிக்கப்பட்டது, அலர்ஜி வராது"னு தயவுசெஞ்சு யாரும் அடிக்காதீங்க. அலர்ஜி வர வாய்ப்பு கம்மின்னு சொல்ற ஹைப்போஅலர்ஜெனிக்ங்கற வார்த்தைக்கே அமெரிக்காவுல சட்டப்படி ஒரு அர்த்தம் கிடையாது, 1975-ல அங்க உணவு, மருந்து, காஸ்மெடிக்ஸ கவனிக்கற அரசு அமைப்பான எஃப்டிஏ ஒரு விதி கொண்டு வந்துச்சு, கோர்ட்டு அதைத் தள்ளிடுச்சு. எவ்வளவு டெஸ்ட் பண்ணினாலும் யாரோ ஒருத்தருக்கு வரத்தான் செய்யும். மெத்திலைசோதயசோலினோன் ஞாபகம் இருக்கா, எம்ஐன்னு சொல்லுவோமே. ஐரோப்பாவுல 2005-ல தனிப் பிரிசர்வேட்டிவா 100 பிபிஎம் வரைக்கும் போட்டுக்கலாம்னு அனுமதி குடுத்தாங்க. துடைக்கிற ஈர டிஷ்யூவுல இருந்து ஷாம்பூ வரைக்கும் எல்லாத்துலயும் வந்துச்சு. சில வருஷத்துலயே தோல் டாக்டருங்க க்ளினிக்ல வரிசையா ஆளுங்க, 2013-ல அமெரிக்க தோல் அலர்ஜி டாக்டருங்க சங்கம் அதை அந்த வருஷத்தோட அலர்ஜிப் பொருள்னே அறிவிச்சாங்க. அப்புறம்தான் பூசி விடறதுல மொத்தமா தடை, கழுவிவிடறதுல 15 பிபிஎம்தான்னு இறக்கினாங்க. இத்தனைக்கும் அது அலர்ஜியக் கிளப்பும்னு டெஸ்ட்ல தெரிஞ்சிருந்த பொருள்தான். எவ்வளவு போடறோம், எத்தனை பேர் எத்தனை தடவை பூசுறாங்கங்கறதுல கோட்டை விட்டாங்க. அந்தக் கணக்கு எங்க பெப்டைடு டெஸ்ட்ல வராது. நீங்க சொன்னாதான், உக்காந்து போட்டுப் பாக்க முடியும்.

"முன்ன மாதிரி விலங்குல பண்ணிட்டா தெளிவா தெரிஞ்சிடுமே"ன்னு ரெண்டு பேர் கேட்டீங்க. 1969-ல வந்த கினிப்பன்றி முறை, அப்புறம் எலி காதுல பூசி கழுத்து நிணநீர் முடிச்சைப் பாக்குற முறை, ரெண்டும் அந்தக் காலத்துக்கு நல்லாதான் உதவுச்சு. ஆனா எலி டெஸ்ட்ல சோடியம் லாரில் சல்பேட் கூட பாசிட்டிவ்னு வரும், அது எரிச்சல் குடுக்குற பொருளே தவிர அலர்ஜிப் பொருள் இல்ல. ஐரோப்பாவுல 2013-ல இருந்து விலங்குல டெஸ்ட் பண்ணின காஸ்மெடிக்ஸ விக்கவே முடியாது. நாங்க அந்தப் பக்கம் திரும்பப் போறதில்ல.

இப்ப கட்டணம். அடுத்த மாசத்துல இருந்து கொஞ்சம் ஏறுது, புது பட்டியல் தனியா வரும். செல் வளக்கற மீடியத்துல போடற கன்னுக்குட்டி சீரம் ஏறிக்கிட்டேதான் போகுது, ஒவ்வொரு புது லாட்டையும் எங்க செல் ஏத்துக்குதான்னு சோதிச்சுட்டுத்தான் வாங்க முடியும், அந்தச் சோதனைக்கே சீரம் செலவாகும். ஹெச்பிஎல்சிக்கு வேண்டிய அசிட்டோநைட்ரைல்ங்கற கரைப்பான் இன்னொரு தயாரிப்போட உபபொருளா வர்றது, அந்தத் தொழிற்சாலை மந்தமானா இதுவும் கிடைக்காது. கெரட்டினோசென்ஸ் ஒரு பொருளுக்கு 12 அளவு, ஒவ்வொண்ணும் மும்மூணு தடவை, அதையும் குறைஞ்சது ரெண்டு தடவை தனித்தனியா ஓட்டணும். ஒரு தட்டு கெட்டுப்போனா முதல்ல இருந்துதான். இதுல எதையும் குறைச்சு ஓட்டி மிச்சம் பிடிக்க எனக்கு மனசு வரல.

ஏழு வருஷமா எங்க செல் ரூம பாத்துக்கிட்ட பொண்ணு மேற்படிப்புக்குப் போயிட்டாங்க, சந்தோஷமாத்தான் அனுப்பி வெச்சோம். ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை, ஞாயித்துக்கிழமைன்னு பாக்காம, செல்ல பிரிச்சு புது மீடியத்துக்கு மாத்தணும், மறந்தா கூட்டம் சேர்ந்து கெட்டுப்போகும், உருக்கி எடுத்ததுல இருந்து ரெண்டு மாசத்துக்கு மேல வெச்சுக்கவும் கூடாது. ஒரு நாள் கூட அவங்க தவறவிட்டதில்ல. இப்ப வந்திருக்கற தம்பி நல்ல கை, ஆனா பதில் முன்னாடியே தெரிஞ்ச 10 பொருளை வெச்சு ஓட்டி சரியா கொண்டு வந்த பிறகுதான் உங்க சாம்பிள்ல அவர் கை வெக்கலாம்ங்கறது எங்க வழக்கம். அதனால ரிப்போர்ட் மூணு வாரத்துக்குப் பதிலா ஆறு வாரம் ஆகும், நடுவுல ஒரு செல் தொகுதி டிஎன்சிபி செக்ல (அலர்ஜியக் கிளப்பும்னு ஏற்கனவே தெரிஞ்ச பொருளை வெச்சுப் பாக்குறது) சரியா வராததால அந்த சமயத்துல போன 12 ஹெச்-கிளாட் ரிப்போர்ட்ட திரும்ப ஓட்டுறோம், சம்பந்தப்பட்டவங்களுக்குத் தனியா சொல்லியாச்சு, அதுக்குக் கட்டணம் கிடையாது.

போட்டோ வந்த அன்னிக்கே அதை ஃபார்வர்ட் பண்ணாம எனக்குப் போன் போட்டு "என்ன நடந்துச்சு"ன்னு கேட்டவங்க இருக்கீங்க. பேர் சொன்னா கூச்சப்படுவீங்க, ஆனா அந்த ரெண்டு மூணு போன் இல்லாம இந்த வாரத்தை நான் ஓட்டியிருக்க முடியாது. ஒருத்தர் எதுவுமே கேக்காம, வழக்கம்போல அடுத்த சாம்பிள அனுப்பிட்டு "பொறுமையா பண்ணுங்க"ன்னு ஒரு துண்டுச் சீட்டு வெச்சிருந்தாங்க, அதை செல் ரூம் கதவுல ஒட்டியிருக்கேன். கொழந்தைங்க லோஷன் பண்ற இன்னொருத்தர், போன வருஷம் நாங்க பாசிட்டிவ்னு சொன்னதும் அச்சடிச்சு வெச்சிருந்த லேபிள் அத்தனையையும் ஒதுக்கிட்டு வாசனையே வேண்டாம்னு முடிவு பண்ணினாங்க. எவ்வளவு நஷ்டம்னு எனக்குத் தெரியும், ஒரு வார்த்தை எங்கள குறை சொல்லல. காசுக்கு நெகட்டிவ் போடற லேப்னா அன்னிக்கு அவங்களுக்குப் போட்டிருப்போமே.

போட்டோ போட்டவங்களுக்கும் கதவு திறந்தேதான் இருக்கு. அந்த எலுமிச்சை எண்ணெயோட விவரத்தை, எப்ப திறந்தது, எங்க வெச்சிருந்தீங்கங்கறதோட அனுப்புங்க, அது எவ்வளவு ஆக்ஸிஜன் ஏறியிருக்குன்னு பாத்துச் சொல்றேன், கட்டணம் வேண்டாம்.

மத்த எல்லாரும், வாசனை எண்ணெய் அனுப்பும்போது புது பாட்டிலோட, நீங்க வேலைக்கு எடுத்துப் பாதி தீர்ந்த பழைய பாட்டில்ல இருந்தும் கொஞ்சம் சேர்த்து அனுப்புங்க, மூடி மேல திறந்த தேதிய எழுதுங்க. க்ரீம்ல எத்தனை சதவீதம் போடப்போறீங்க, கழுவறதா பூசி விடறதா, இதையும் படிவத்துல எழுதிடுங்க. அந்தக் கட்டத்தை இத்தனை நாளும் பாதிப் பேர் காலியாத்தான் விட்டுட்டு இருந்தீங்க, நாங்களும் கேக்காம விட்டுட்டோம், இனிமே அது காலியா இருந்தா நானே போன் பண்ணி கேப்பேன்.

அன்போட,
உங்க லேப்ல இருந்து