செல்வாவுக்கு, ஒரு செண்ட் பாட்டில் விஷயமா

டேய் செல்வா,

தீபாவளிக்கு நீ போட்ட மெசேஜுக்கு நான் பதிலே போடலைன்னு குமார்கிட்ட புலம்புனியாமே, லண்டன் வரைக்கும் வந்துடுச்சு. வேலைடா, விடு. இங்க எல்லாரும் சௌக்கியம், குளிர்தான் தாங்கல. இப்ப எழுதுறது ஒரு குட்டி பாட்டிலுக்காக.

பிரிட்டிஷ் மியூசியத்துல பழைய கிரேக்கக் கண்ணாடி இருக்கு. அதுல கிமு 5ஆம் நூற்றாண்டு செண்ட் பாட்டில், அலபாஸ்ட்ரான்னு பேரு, நடுவிரலை விடக் கொஞ்சம் நீளம். கருநீலம், மேல மஞ்சளும் வெள்ளையுமா நெளிக்கோடு. அடி உருண்டை, கீழ வச்சா நிக்காது, ஆனா ரெண்டு பக்கமும் குட்டிக் காது இருக்கு, கயிறு கட்டித் தொங்கவிடலாம். வாய் மட்டும் தட்டையா அகலமா இருக்குது, வாசனை எண்ணெயை அந்த விளிம்பால அப்படியே உடம்புல தடவிக்கலாம், சிந்தாது.

ஊதிச் செஞ்சதுன்னுதானே நினைப்ப? இல்ல. ஊதுற வித்தை கிமு 1ஆம் நூற்றாண்டுலதான் சிரியா, பாலஸ்தீனம் பக்கம் வருது. இதுக்கு ஒரு கம்பி நுனியில களிமண்ணு, சாணி எல்லாம் குழைச்சு பாட்டில் உருவத்துக்குப் பிடிச்சு, மேல உருகின கண்ணாடியைச் சுத்தி, அதுக்கு மேல வேற கலர் இழையை ஓட்டி, சூட்டோட சூடா கூர்க்கம்பியால மேலயும் கீழயும் இழுத்துவிட்டா அந்த நெளி வந்துடும். மெதுவா ஆறவிட்டுக் கம்பியை உருவி உள்ள இருக்கிற மண்ணைச் சுரண்டணும். அதான் உள்பக்கம் இன்னிக்கும் சொரசொரன்னு கிடக்கு. அதே மியூசியத்துல ரெண்டு கண்ணாடிக் கிண்ணத்துக்கு நடுவுல மெல்லிசு தங்கத் தகடு வச்சு ஒட்டுன, இத்தாலியில கானோசாங்கற ஊர்க் கிண்ணமும் இருக்கு, பணக்கார வேலை, ஆனா என் ஓட்டு சாணி பாட்டிலுக்குத்தான்.

வீட்டுக்கு வீடு இருந்துச்சுன்னு நினைச்சுடாத. ஏதென்ஸ்ல குடிக்கிறது, ஊத்துறது எல்லாம் மண்பாண்டம். கிமு 425ல அரிஸ்டோஃபனீஸ்னு ஒரு ஏதென்ஸ் காமெடி நாடகக்காரன் போட்ட நாடகம் ஒண்ணுல, பாரசீகம் போய் வந்த தூதர்கள் கண்ணாடிக் கோப்பையிலயும் தங்கக் கோப்பையிலயும் ஒயின் குடிச்சோம்னு பீத்திக்கிறானுங்க. தங்கத்தோட சேர்த்துச் சொல்றான்னா மவுசைப் பாத்துக்கோ.

இன்னொண்ணு உனக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு. கிமு 423ல அதே ஆள் போட்ட 'மேகங்கள்' நாடகத்துல ஸ்ட்ரெப்சியாடிஸ்னு ஒரு பெருசு, மகனோட குதிரைப் பைத்தியத்தால கழுத்து வரை கடன். கேஸ் வந்தா என்ன பண்ணுவன்னா, மருந்துக்கடையில விக்கிற தீ மூட்டுற கண்ணாடியை வெயில்ல தூரமா நின்னு பிடிச்சு, குமாஸ்தா மெழுகுப் பலகையில எழுதுற வழக்கை உருக்கிடுவேன்ங்கறான்! நம்ம குமாருக்கு மட்டும் சொல்லிடாத, ஏற்கனவே நமக்குத் தர வேண்டியதே தரல.

அப்புறம் ஊத ஆரம்பிச்சதும் விலை விழுந்துடுச்சு. ரோம்ல ஒரு செப்புக்காசுக்குக் கண்ணாடிக் கோப்பை கிடைக்குதுன்னு அந்தக் காலத்து கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதி வச்சிருக்காரு.

இவ்வளவு மெல்லிசு எப்படிடா உடையாம வந்துச்சுன்னு பாத்தா, நிறைய பாட்டில் சமாதியில செத்தவங்க பக்கத்துல வச்சது. அதைப் படிச்சதும் சட்டுன்னு உங்கம்மா ஞாபகம். காரியத்துக்கு என்னால வர முடியல, அன்னிக்கு போன்லயும் சரியாப் பேச வரல.

அப்பா இப்ப தனியாத்தான் இருக்காரா, இல்ல உன்கூட வந்துட்டாரா? அவர் கண் ஆபரேஷன் தேதி குறிச்சாச்சுன்னா சொல்லு, லீவு கேட்டுப் பாக்குறேன்.

சேகர்